பூனையை டொக்டரிடம் கொண்டுபோவது எப்படி? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பூனையை மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது பற்றி அயலட்டையிலும் சொந்தக்காரரிடமும் இருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. எழுதுவது பூனை வளர்க்கும் ஒருவர், டொக்டர் இல்லை. ஆகவே எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை இங்கே தேட வேண்டாம். பூனையைப் பெட்டிக்குள் ஏற்றி, வழியில் தப்பவிடாமல் டொக்டரின் மேசைவரை கொண்டுபோய், திரும்பவும் வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் இங்கே விஷயம். நோய் சின்னது என்று போகாமல் விடுபவர்களைவிட, பிடிக்க ஏலாது என்று போகாமல் விடுபவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

எங்கள் பூனை சோர்ந்து கிடக்கிறது. தானாகச் சுகப்பட்டுவிடாதா?

சில நேரம் சுகப்படும். புல்லைக் கடித்து, மயிர் உருண்டையைக் கக்கிவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே குசினி வாசலில் நின்று மீனுக்குக் கத்தும் பூனைக்கு டொக்டர் தேவையில்லை. ஆனால் பூனை நோவை மறைக்கும் பிராணி. எலி பிடிக்கும் பூனையைப் பிடிக்க நாய் இருக்கிறது. பலவீனத்தை வெளியே காட்டாமல் ஒதுங்கிக் கிடப்பது அதன் உடம்பில் ஊறிய பழக்கம். கட்டிலுக்குக் கீழேயே இருப்பது, மதிலில் பாய்ந்து ஏறியது இப்போது கதிரையில்கூட ஏறாமல் நிற்பது, உடம்பை நக்காமல் மயிர் கலைந்து கிடப்பது எல்லாவற்றையும் நோவென்றே எடுக்க வேண்டும்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் டொக்டருக்குக் கோல் எடுங்கள். இரண்டு நாள் என்றால் கொண்டே போங்கள். பூனை, அதிலும் கொழுத்த பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி, முதல் நோயைவிடப் பெரிய நோய் ஒன்று தொடங்கிவிடும்.

எதை அந்தரம் என்று எடுப்பது?

கடுவன் பூனை குந்திக் குந்தி முக்குகிறது, சலம் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் ஆட்கள் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்கிக்கொண்டிருப்பார்கள். சலப்பாதை முழுதாக அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் பார்ப்போம் என்று விடக்கூடாத விஷயம் இது.

அடுத்தது, வாயைத் திறந்து இளைப்பது. நாய் அப்படி இளைத்தால் சாதாரணம், பூனை இளைத்தால் சாதாரணம் இல்லை. ஆறுதலாகப் படுத்திருக்கும் பூனை நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு எடுத்துக்கொண்டே இருந்தாலும் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். பின்னங்கால் இரண்டும் திடீரென்று இழுபட்டு, நோவில் கத்துவதும் அந்தரம்தான். வாகனம் தட்டியது, வெளியே காயமே இல்லை என்றாலும் கொண்டுபோக வேண்டும். விரியன் பாம்பு கடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். சுருட்டை விரியன் நம் பக்கத்து மண்ணில் தாராளமாக இருக்கிறது.

இப்படியான நேரத்தில், கீழே சொல்லப்போகும் பெட்டிப் பழக்கம் ஒன்றும் வேண்டாம். துவாயால் சுற்றி, கிடைத்த பெட்டியில் வைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். போகும் வழியிலேயே கோல் எடுத்து, வருகிறோம் என்று சொல்லுங்கள். 1990 அம்புலன்ஸ் மனிதருக்குத்தான். பூனைக்கு நீங்கள்தான் அம்புலன்ஸ்.

எங்கே கொண்டுபோவது? அரசாங்க டொக்டர் பூனையைப் பார்ப்பாரா?

பார்ப்பார். வடமாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே அதிகம் வருவது மாடும் ஆடும் கோழியும். டொக்டர் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வெளியே போகவேண்டிய வேலையும் உண்டு. ஆகவே கோல் எடுத்துக் கேட்காமல் பூனையைக் காவிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வர வேண்டாம். நகரப் பக்கத்தில் தனியார் மிருக மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன, பின்னேரங்களில் பார்ப்பவர்களும் உண்டு.

“மாட்டு டொக்டருக்குப் பூனையைப் பற்றி என்ன தெரியும்” என்று மாமிமார் யாராவது கட்டாயம் சொல்லுவார்கள். இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் கொடுக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் மாட்டையும் படிக்கிறார்கள், பூனையையும் படிக்கிறார்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்யும் வசதி எங்கே உண்டு என்பது. கோல் எடுக்கும்போது அதைக் கேளுங்கள். ஆட்கள் குறைவாக வரும் நேரம் எது என்றும் அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

பூனையை எதில் வைத்துக் கொண்டுபோவது?

மேல்மூடி கழற்றக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. காரணம் டொக்டரிடம் போனபிறகுதான் தெரியும்: மேல்பாதியைக் கழற்றிவிட்டால், கீழ்ப்பாதிக்குள் இருக்கும் பூனையை இழுத்து எடுக்காமலே ஊசி போடலாம். பூனை எழும்பி நின்று ஒருதரம் சுற்றித் திரும்ப இடம் இருந்தால் போதும். பெரிய பெட்டி நல்லது என்று நினைப்பது பிழை, ஓட்டோ திரும்பும்போதெல்லாம் பூனை உள்ளே உருண்டுகொண்டிருக்கும்.

பெட்டி வாங்க வசதி இல்லையென்றால், சந்தையில் மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை எடுத்து, ஒன்றின் வாயோடு மற்றதன் வாயை வைத்து, ஒரு பக்கத்தைக் கேபிள் டையால் நிரந்தரமாகவும் மற்றப் பக்கத்தைக் கயிற்றாலும் கட்டினால் அருமையான பெட்டி. காற்றோட்டத்துக்குக் குறைவில்லை, கழுவுவதும் சுகம். காட்போட் பெட்டி வேண்டாம். சலம் பட்டால் அடி கழன்று, வீதியில் நின்று பூனையைத் தேடவேண்டி வரும். பனையோலைக் கடகத்தை இன்னொரு கடகத்தால் மூடிக் கட்டிக்கொண்டு போன ஆட்களும் உண்டு. சின்னக் குட்டிக்குச் சரி, வளர்ந்த கடுவன் ஓலையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

இரண்டு பூனை என்றால் இரண்டு பெட்டி. வீட்டில் ஒன்றாகச் சுருண்டு படுப்பவை பயத்தில் ஒன்றையொன்று கடிக்கும்.

உரப்பையில் போட்டுக் கட்டினால் என்ன? எங்கள் அப்பு அப்படித்தான் கொண்டுபோவார்.

வேண்டாம். காற்றோட்டம் இல்லை, வெயிலில் சூடேறும், டொக்டர் பையின் வாயை அவிழ்த்ததும் பூனை அவருடைய முகத்துக்குத்தான் பாயும். வேண்டாத பூனையைத் தூரச் சந்தையடியில் விட்டுவிட்டு வருவதற்குக் கண்டுபிடித்த முறை அது. வேண்டிய பூனைக்கு ஏன்?

பெட்டியைக் கண்டதும் ஓடி ஒளிகிறது. என்ன செய்வது?

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் யோசியுங்கள். பெரும்பாலும் அலுமாரிக்கு மேலே, தூசு படிந்து. வருஷத்துக்கு ஒருமுறை இறக்குவீர்கள், இறக்கிய நாளில் ஊசி. பூனைக்கு மறதி இல்லை, பெட்டி இறங்கும் சத்தத்தோடு ஊசியைச் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கும். ஆகவே பெட்டியை இறக்கி, கழுவிக் காயவைத்து, இனிமேல் வீட்டுத் தளபாடமாக வைத்திருங்கள். கதவைக் கழற்றிவிடுங்கள். விறாந்தையில் பூனை வழமையாகப் படுக்கும் மூலை, அல்லது காலை வெயில் விழும் யன்னலடி நல்லது. உள்ளே விரிப்பதற்குப் புதுத் துணி வேண்டாம், நீங்கள் உடுத்துத் துவைக்காத பழைய சாரத்தை மடித்துப் போடுங்கள். உங்கள் மணம் இருக்க வேண்டும்.

பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். முக்கியமாகப் பூனையைத் தூக்கிப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். சாப்பாட்டுக் கோப்பையை முதலில் பெட்டிக்கு வெளியே, ஓரடி தள்ளி வையுங்கள். பூனை சாதாரணமாக வந்து சாப்பிடத் தொடங்கியதும் வாசலுக்கு நகர்த்துங்கள், பிறகு உள்ளே. அவித்த சூடை மீன் ஒரு துண்டைக் கடைக்கோடியில் போட்டுவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள். முதலில் முன்னங்கால் இரண்டும் உள்ளே, பின்னங்கால் வெளியே, முதுகை நீட்டி, மீனைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாகவே வெளியே வந்துவிடும். இப்படிப் பல நாள் போகும். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால், மீன் ஒன்றும் இல்லாமலே உள்ளே படுத்திருக்கும். அப்போதும் ஓடிப்போய்க் கதவைப் பூட்டாதீர்கள். ஒருதரம் ஏமாற்றினால் அவ்வளவு நாள் பாடும் வீண்.

உள்ளே படுக்கப் பழகியபின் கதவை மாட்டி, சாத்தி, உடனே திறவுங்கள். பிறகு சாத்திவைத்துக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். பிறகு பெட்டியோடு தூக்கிக் கிணற்றடிவரை போய்த் திரும்பி வந்து மீன் கொடுங்கள். ஓட்டோ வைத்திருக்கும் அயலவர் இருந்தால், நிற்பாட்டி வைத்த ஓட்டோவில் ஐந்து நிமிடம் இருத்தலாம். மொத்தத்தில் சில கிழமை ஆகும். ஊசிக்குத் திகதி வந்தபிறகு தொடங்கும் வேலை இல்லை இது, பூனை வீட்டுக்கு வந்த அன்றைக்கே தொடங்குவது.

நாளைக்குக் காலை போகவேண்டும். பழக்க நேரமில்லை.

சரி, அப்படியென்றால் பிடிக்கத்தான் வேண்டும். இரவே பூனையை ஒரு சின்ன அறைக்குள் எடுத்துவிடுங்கள். குளியலறை நல்லது, புகுந்துகொள்ளக் கட்டில் இல்லை, ஏறிக்கொள்ள அலுமாரி இல்லை. மேலே சின்ன யன்னல் இருந்தால் சாத்துங்கள், தண்ணீர் வாளியை வெளியே எடுத்துவிடுங்கள். மணல் தட்டும் துணியும் உள்ளே இருக்கட்டும். விடியக்காலையில் வீட்டுக் கதவு திறந்தவுடனேயே வளவுக்குப் பாய்ந்துவிடும் பூனையைத் தேடி வேலியோரம் திரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

காலையில் ஒரே ஒரு ஆள் உள்ளே போக வேண்டும். வீட்டுச் சனம் முழுக்க வாசலில் நின்று “அந்தா, அந்தா” என்று கத்தினால் பூனை சுவரில் ஏறும். தடித்த குளியல் துவாயைக் கையில் விரித்துப் பிடித்தபடி, பூனைக்குப் பக்கவாட்டாகக் குந்துங்கள், நேருக்கு நேர் கண்ணைப் பார்க்க வேண்டாம். துவாயை மேலிருந்து முதுகில் போட்டு, இரண்டு பக்கத்தாலும் வயிற்றுக்குக் கீழே சொருகி, நாலு காலும் உள்ளே அகப்பட, தலை மட்டும் வெளியே இருக்கும்படி சுற்றுங்கள். கழுத்தைச் சுற்றி விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பெட்டியை முன்கூட்டியே வாய் மேல்நோக்கி நிற்கும்படி நிமிர்த்தி, சுவரோடு சாய்த்து வைத்திருங்கள். பின்பக்கம் முதலில் இறங்கும்படி துவாயோடேயே இறக்குங்கள். முகம் பெட்டியைப் பார்த்தபடி இறக்கினால் முன்னங்கால் இரண்டையும் வாசலின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு ஒரு அங்குலம் உள்ளே போகாது. பின்பக்கமாக இறங்கும்போது எதை ஊன்றுவது என்று தெரியமுதலே உள்ளே இருக்கும். கதவைச் சாத்தி, மெதுவாகப் பெட்டியைப் படுக்க வையுங்கள். துவாய் உள்ளேயே இருக்கட்டும், அதுவாகவே அவிழ்த்துக்கொள்ளும்.

பிடரித் தோலில் பிடித்துத் தூக்குவது வேண்டாம். குட்டியைத் தாய் அப்படித்தான் தூக்கும் என்பது உண்மை, ஆனால் நாலு கிலோ கடுவனை எந்தத் தாயும் தூக்குவதில்லை. வளர்ந்த பூனைக்கு அது நோவும் பயமும்தான்.

போகமுதல் சாப்பாடு கொடுக்கலாமா?

சும்மா காட்டவும் தடுப்பூசிக்கும் என்றால், மூன்று நாலு மணித்தியாலத்துக்கு முன் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு நிறுத்தலாம். வழியில் சத்தி எடுக்காது, டொக்டரின் மேசையில் மீன் துண்டைக் காட்டினால் ஒருவேளை தின்னவும் தின்னும். சத்திரசிகிச்சை என்றால் எத்தனை மணித்தியாலம் வெறும் வயிறு என்பதை டொக்டரே சொல்லுவார். குட்டிகளையும் சீனி வருத்தம் உள்ள பூனைகளையும் நீங்களாகப் பட்டினி போடக்கூடாது. தண்ணீரை மறிக்க வேண்டாம்.

பிரிட்டன் (Piriton, ஒவ்வாமைக்கு மனிதர் போடும்) குளிசை கொடுத்தால் தூங்கிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா? நோவுக்குப் பனடோல்?

பனடோலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: பூனைக்குப் பனடோல் நஞ்சு. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அதில் இருக்கும் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அது இரத்தத்தையே ஒட்சிசன் காவ முடியாமல் பழுதாக்கிவிடும். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று நாலு கிலோ பூனையைக் கொல்லப் போதும், பாதிக் குளிசையும் ஆபத்துதான். பல் முரசு மண்ணிறமாக மாறுவது, முகமும் பாதமும் வீங்குவது, மூச்சுத் திணறுவது அதன் அடையாளங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஓடுங்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பிரிட்டனும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சில பூனைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாகப் பதற்றத்தைக் கொடுக்கும். மிகவும் பயப்படும் பூனை என்றால் அதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லுங்கள். கபாபென்டின் என்ற மருந்தைப் பூனையின் நிறைக்கு ஏற்ற அளவில், வெளிக்கிட இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் கொடுக்கச் சொல்லும் டொக்டர்மார் இருக்கிறார்கள். மனிதருக்கும் பாவிக்கும் மருந்துதான், ஆனால் பார்மசியில் நீங்களே வாங்கி அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து இல்லை. சிறுநீரக வருத்தம் உள்ள பூனைக்கு அளவு வேறு. அது கொடுத்த நாளில் பூனை சில மணித்தியாலம் தள்ளாடும், மதிலிலும் கிணற்றுக்கட்டிலும் ஏறவிடாமல் அறைக்குள் வைத்திருங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. காயத்துக்கு டெற்றோல், தெள்ளுக்கு மண்ணெண்ணெய், சொறிக்குக் கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய் என்று போகமுதல் ஒரு கைவைத்தியம் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூன்றும் பூனைக்கு நஞ்சு. பூனை பூசியதையெல்லாம் நக்கும். நாய்க்கு என்று விற்கும் தெள்ளு மருந்திலும் பேர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு ஆகாது.

ஓட்டோவா, மோட்டார் சைக்கிளா, பஸ்ஸா?

ஓட்டோதான் நல்லது. ஆனால் இரண்டு பக்கமும் திறந்த வாகனம் என்பதை மறக்காதீர்கள். “பாவம், கத்துது” என்று வழியில் பெட்டியைத் திறந்தால், பூனை ஏதாவது ஒரு சந்தியில் இறங்கிவிடும், பிறகு கிடைக்காது. பெட்டியை மடியில் வைத்துக் கையால் அணைத்துக்கொள்ளுங்கள், அல்லது கால்களுக்கு நடுவே தரையில் வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். ஏறமுதலே “அண்ணை, பூனை இருக்குது, கொஞ்சம் மெதுவாகப் போங்கோ, ரேடியோவை ஒருக்கா நிப்பாட்டிவிடுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்திச் சகுனம் பார்க்கும் ஆளாகவும் அவர் இருக்கலாம், ஆனாலும் வாடகை என்றால் பெட்டிக்குள் இருக்கும் பூனைக்குச் சகுனம் இல்லை.

மோட்டார் சைக்கிள் என்றால் பின்னால் ஒரு ஆள் இருந்து பெட்டியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஹாண்டிலில் கொழுவக் கூடாது. சைக்கிள் கரியரில் கிட்டிய தூரம் போகலாம். அடியில் நாலாக மடித்த சாக்கு, மேலே பழைய ரியூப் கீலத்தால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிய கட்டு. கொழும்புக்குப் போகும் ஆட்கள் பயணப்பையைக் கட்டுவது போல ஒரு கட்டோடு விடாதீர்கள். தனியார் மினிபஸ் கடைசித் தெரிவு. அந்தப் பாட்டுச் சத்தம் மனிதருக்கே தாங்காது.

எதில் போனாலும் பெட்டியை மெல்லிய துணியால் மூடுங்கள். கண்ணை மூடினால் பூலோகமே இருண்டுவிடும் என்று பூனை நினைக்குமாம் என்று நம் ஆட்கள் பகிடியாகச் சொல்வது. பூனை அப்படி நினைப்பது இங்கே நமக்கு வாய்ப்பு. நாயும் லொறியும் கண்ணில் படாவிட்டால் பாதிப் பயம் இல்லை. ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும்.

நாங்கள் தீவுப்பக்கம். படகில் கொண்டுவரலாமா?

புங்குடுதீவு, வேலணைப் பக்கம் என்றால் தரைவழியே வரலாம், கஷ்டம் நெடுந்தீவு, நயினாதீவு மாதிரிக் கடல் தாண்டி வரவேண்டிய ஆட்களுக்குத்தான். குறிகட்டுவானுக்கு வரும் படகில் பூனைப்பெட்டியை இயந்திரத்துக்குக் கிட்ட வைக்க வேண்டாம், சத்தமும் புகையும். வெயில் படாத, காற்று வரும் பக்கத்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறி இறங்கும் நேரம் பெட்டியின் கதவைக் கயிற்றால் ஒரு கட்டுக் கூடுதலாகக் கட்டுங்கள். கடலில் விழுந்தால் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே டொக்டருக்குக் கோல் எடுத்துப் படகு நேரத்தைச் சொல்லுங்கள், கடைசிப் படகை விட்டுவிட்டுப் பூனையோடு இறங்குதுறையில் நிற்கும் நிலை வரக்கூடாது.

எந்த நேரம், எந்தக் காலம் நல்லது?

காலை வெள்ளென, அல்லது வெயில் தாழ்ந்தபின். காண்டாவன நாட்களில் மத்தியானம் வெளிக்கிடவே வேண்டாம், பூட்டிய காருக்குள் பூனையை ஐந்து நிமிடமும் விட வேண்டாம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மறிக்கப்படும், சுற்றிப் போகவேண்டிய தூரத்தைக் கணக்கில் எடுங்கள். தீபாவளி, பொங்கல், புதுவருஷம் வெடி கொளுத்தும் நாட்களைத் தவிருங்கள். மாரியில் பெட்டிக்கு மேல் ஒரு பொலித்தீன், ஆனால் முழுதாகச் சுற்ற வேண்டாம்.

வழி முழுக்கக் கத்துகிறது. பெட்டிக்குள் சலமும் விட்டுவிட்டது.

கத்தட்டும். கத்தும் பூனை மூச்சு விடுகிறது. வாய் திறந்து இளைக்கத் தொடங்கினால் மட்டும் நிறுத்தி, நிழலில் வைத்து, காற்றுப் படவிடுங்கள், பெட்டியைத் திறக்க வேண்டாம், பிறகு நேரே டொக்டரிடம். சலத்துக்கு, அடியில் பேப்பர், மேலே துணி. மாற்றுத் துணி ஒன்றும் ஒரு பொலித்தீன் பையும் கொண்டுபோங்கள். திட்டுவதால் பிரயோசனம் இல்லை.

காத்திருக்கும் இடத்தில் நாய்கள் நிற்கின்றனவே?

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். கதிரையில் அல்லது மடியில், வாசல் உங்கள் பக்கம் பார்த்தபடி. உயரத்தில் இருந்தால் பூனைக்குத் தைரியம். நாய்க்காரர் “எங்கட நாய் ஒண்டும் செய்யாது” என்று சொல்லுவார். நாய் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், மூக்கைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தாலே போதும், அன்றைய காரியம் முடிந்தது. ஆள் ஒருவரை உள்ளே அனுப்பி வரவைச் சொல்லிவிட்டு, முறை வரும்வரை வெளியே ஓட்டோவிலேயே இருப்பது இன்னும் நல்லது.

டொக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சலம் போனது, சத்தியா வயிற்றோட்டமா, என்ன மருந்து கொடுத்தீர்கள். இவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் அதையும். இருமல், நொண்டல், வலிப்பு மாதிரி ஏதாவது என்றால் வீட்டில் வைத்தே போனில் வீடியோ எடுங்கள். மூன்று நாளாக நொண்டிய பூனை டொக்டரின் மேசையில் பயத்தில் நேராக நடக்கும், நீங்கள் பொய் சொன்ன ஆள் மாதிரி நிற்க வேண்டியதுதான். வயிற்றோட்டம் என்றால் கொஞ்சம் மலத்தை மூடியுள்ள டப்பாவில் கொண்டுபோகலாம்.

மேசையில் வைத்ததும் சீறுகிறது, பிறாண்டுகிறது. டொக்டருக்கு முன் வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு அது புதிது இல்லை. பெட்டியைச் சரித்துப் பூனையைக் கொட்டாதீர்கள். மேல்மூடியைக் கழற்றி, துவாயால் மூடி, டொக்டருக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெளியே விடுங்கள். நீங்கள் ஓயாமல் “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிடப் பேசாமல் கையை வைத்துக்கொண்டிருப்பது நல்லது. பிடிக்கவே ஏலாது என்றால் மயக்க ஊசி போட்டுப் பார்ப்பதா, இன்னொரு நாள் வருவதா என்று டொக்டர் தீர்மானிக்கட்டும். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து முடித்த வேலைக்கு அடுத்த முறை விலை கொடுக்க வேண்டி வரும்.

பிடிக்கும்போது என்னைக் கடித்துவிட்டது.

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூச வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ காட்டலாம். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளி, உள்ளே கிருமி. அடுத்த நாளே கை வீங்கலாம். விசர்நோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள், பூனையை 14 நாள் கவனிக்கச் சொல்லுவார்கள். அட்டை இல்லாத பூனை, பிடிபடாமல் ஓடிய பூனை என்றால் ஆஸ்பத்திரியில் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

குட்டியை எப்போது முதல்முதலாகக் கொண்டுபோவது?

ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை வயதில் முதல் தடுப்பூசி தொடங்கும். மூன்று நாலு கிழமை இடைவெளியில் 16 கிழமை வரை தொடர்வார்கள். விசர்நோய் ஊசி மூன்று மாதத்தில். கருத்தடை நாலு தொடக்கம் ஆறு மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது, ஆறு மாதப் பெட்டைக் குட்டி வயிற்றில் குட்டியோடு நிற்கும் கதை நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. குட்டி பயம் அறியாத வயதில் டொக்டரைக் காண்பதால், இந்த முதல் பயணங்களில் பெட்டியையும் ஓட்டோவையும் பழக்கிவிடலாம்.

எங்கள் பூனை இல்லை, வளவுக்கு வந்து சாப்பிடும் பூனை. தொடவே விடாது.

துவாய் வேலை இங்கே சரிவராது, கடிவாங்குவீர்கள். கம்பிவலை அடித்த கோழிக்கூடு ஒன்றின் கதவைத் திறந்து கட்டிவைத்து, தினமும் அதற்குள்ளேயே சாப்பாடு வையுங்கள். பயமில்லாமல் உள்ளே போய்ச் சாப்பிடத் தொடங்கியபின், டொக்டரிடம் நேரம் எடுத்த நாளில் தூரத்திலிருந்து கயிற்றை இழுத்துக் கதவைச் சாத்தலாம். உடனே முழுக் கூட்டையும் துணியால் மூடுங்கள், அடங்கிவிடும். கூட்டோடேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஆகவே ஓட்டோவுக்குள் கொள்ளும் கூடா என்று முதலே அளந்து பாருங்கள்.

டொக்டரை வீட்டுக்குக் கூப்பிட முடியாதா?

கேட்டுப் பாருங்கள், சிலர் வருவார்கள். வயதுபோன பூனைக்கும் நாலைந்து பூனை உள்ள வீட்டுக்கும் அது வசதி. டொக்டர் வரமுதலே பூனையை ஓர் அறைக்குள் அடைத்து வைத்திருக்க வேண்டும், வந்தபிறகு தேடத் தொடங்கினால் அவர் அடுத்த முறை வரமாட்டார். எக்ஸ்ரேயும் சத்திரசிகிச்சையும் வீட்டில் நடக்காது.

திரும்பி வந்ததும் வீட்டில் இருக்கும் மற்றப் பூனை சீறுகிறது. ஒன்றாக வளர்ந்தவை.

மருந்து மணம், நாய் மணம், வேறு ஆட்களின் மணம் எல்லாம் ஏறி வந்திருக்கிறது. பூனை ஆளை மணத்தால் அடையாளம் காணும், முகத்தால் இல்லை. வந்ததும் பெட்டியை நடு வீட்டில் திறக்காமல், தனி அறையில் வைத்துத் திறந்து, தண்ணீரும் மணல் தட்டும் வைத்து ஓர் இரவு விடுங்கள். அது தன்னை நக்கிக்கொள்ளட்டும். வீட்டில் நின்ற பூனை படுத்த துணியைக் கொண்டுபோய் அதற்கு விரியுங்கள், அதனுடையதை இதற்கு. அடுத்த நாள் கதவைக் கொஞ்சம் நீக்கிப் பாருங்கள். இன்னும் சீறினால் சாத்திவிட்டு இன்னொரு நாள் பொறுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து வந்த பூனை என்றால் தையல் ஆறும்வரை, பெரும்பாலும் 10 தொடக்கம் 14 நாள், எப்படியும் வெளியே விடக் கூடாது. அதற்குள் இந்தச் சண்டையும் அடங்கிவிடும்.